அம்மாவோடு கன்னியாகுமரிக்குக் காரில் போகலாமா?

வில்லாபுரத்தான்:
காலாண்டு லீவில் மதுரையிலிருந்து கன்னியாகுமரி போகலாம் என்று வீட்டில் பேச்சு. நான், மனைவி, பையன் (11), பொண்ணு (6), அப்புறம் அம்மா. அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் வலி. பொண்ணுக்குக் காரில் ஏறினால் திருமங்கலம் தாண்டுவதற்குள் வாந்தி. "ட்ரெயின்ல போயிட்டு வாங்க, எதுக்கு வம்பு" என்கிறார் மச்சான். எனக்கோ காரில் போகத்தான் ஆசை. கிட்டத்தட்ட 245 கிலோமீட்டர். நாலுவழிச் சாலைதானே, எங்கேயும் நிற்காமல் நாலு மணி நேரத்தில் போய்விடலாமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

டவுன்ஹால் ரோடு:
ட்ரெயின். அம்மா எழுந்து நாலடி நடக்கலாம், பாத்ரூம் உள்ளேயே இருக்கு. வேற பேச்சே கிடையாது.

பழைய டிரைவர்:
தம்பி, மேலே சொன்னவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் காரில் போங்கள். நிற்காமல் மட்டும் போகாதீர்கள்.

நான் மதுரை - நாகர்கோவில் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவன். அப்போது அது ஏழாம் நம்பர் ரோடு, காசியிலிருந்து வருவது. இப்போது 44, ஸ்ரீநகரிலிருந்து வருகிறது. காஷ்மீரிலிருந்து வருகிற ரோட்டில்தான் நம்ம கப்பலூர் டோல்கேட் இருக்கிறது என்று சொன்னால் என் பேரன் நம்பவே இல்லை. உங்கள் பையனிடமும் சொல்லிப் பாருங்கள்.

அந்த ரோட்டில் எத்தனை தடவை போயிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. குடும்பத்தோடு போனது ரிட்டயர் ஆன பிறகுதான். மகன் ஓட்டினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். பின்னால் என் அம்மா, மருமகள், பேரன். சாத்தூர் பாலம் வந்ததும் அம்மா எட்டிப் பார்த்து, "இது வைப்பாறுதானே? உன் பெரியத்தையை இங்கதான குடுத்தது" என்றது. கல்யாணத்தன்று ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதாம். மாப்பிள்ளை வீட்டு வண்டியெல்லாம் அக்கரையிலேயே நின்றுவிட்டதாம். வடிந்து, வந்து சேர்ந்து, தாலி கட்டச் சாயங்காலம் ஆகிவிட்டதாம். "மாடு நீந்தாதா அப்பத்தா?" என்று பேரன் கேட்டான். கோவில்பட்டி வரைக்கும் அதே பேச்சுதான்.

தினம் இரண்டு தடவை அந்தப் பாலத்தைத் தாண்டியவன் நான். எனக்கு இந்தக் கதை தெரியாது. வீட்டில் அம்மா சொன்னதே இல்லை. ஆற்றைப் பார்த்ததும்தான் வாயில் வந்தது. அதனால்தான் சொல்கிறேன், அம்மாவைத் தூங்க விடாதீர்கள்.

சாத்தூரில் பைபாஸை விட்டு ஊருக்குள் போய்க் காராச்சேவு வாங்குங்கள். வெள்ளரிப் பிஞ்சு கண்ணில் பட்டால் அதையும். அதற்கப்புறம் மண் கறுத்துக்கொண்டே போகும், கரிசல். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். எங்களுக்கு அதற்கு முன்னாலேயே தெரியும். கயத்தாறில் கட்டபொம்மன் சிலை இருக்கிறது, 1799இல் அவரைத் தூக்கில் போட்ட ஊர். பாடத்தில் படித்திருப்பான் பையன், இறக்கிக் காட்டுங்கள். என் பேரன் கடலை மிட்டாயைத் தின்று முடித்துவிட்டுத்தான் கட்டபொம்மனைக் கும்பிட்டான்.

ஒரு டிரைவர் யோசனை. விடியக்காலம் கிளம்பினால் தெற்கே போகும்போது வெயில் இடது பக்கம் அடிக்கும், அம்மாவை வலது ஜன்னலில் உட்கார வையுங்கள். வள்ளியூர் தாண்டினால் அந்த ஜன்னலுக்குப் பிள்ளைகள் சண்டை போடுவார்கள், ஏனென்றால் மலை அந்தப் பக்கம்தான் நெருங்கி வரும். காவல்கிணற்றில் நாகர்கோவில் ரோட்டில் திரும்பினால் முப்பந்தல், அங்கே எங்கே பார்த்தாலும் கரண்ட் எடுக்கிற காற்றாடி. ஆரல்வாய்மொழியில் மலை இடைவெளி விடுகிறது, தென்மேற்குக் காற்று அந்தச் சந்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வருகிறது. சீசனில் பஸ்ஸையே தள்ளும், ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தால் தோள்பட்டை வலிக்கும். அங்கே ஏசியை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்குங்கள்.

வாந்திக்கு: இரண்டு இட்லிக்கு மேல் கொடுக்க வேண்டாம், போனைக் கையில் கொடுக்கவே வேண்டாம். நேரே ரோட்டைப் பார்த்து வரட்டும்.

சிம்மக்கல் அக்கா:
அண்ணன் எல்லாம் சொன்னார், பெண்களுக்கு வேண்டியதை விட்டுவிட்டார். பெட்ரோல் போடாவிட்டாலும் பங்கில் பாத்ரூம் கேட்கலாம், காசு கொடுக்க வேண்டியதில்லை. ஒரு பங்கில் என்னிடம் "சாவி இல்லை" என்றார்கள், நகராமல் நின்றேன், சாவி வந்தது. அம்மா ஏற இறங்க ஒரு மணையை டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள், முழங்காலுக்கு அதைவிட நல்லது கிடையாது. தயிர்சாதத்துக்குப் பால் ஊற்றிப் பிசைந்து ஒரே ஒரு கரண்டி தயிர் விடுங்கள், மதியம் வரைக்கும் புளிக்காது.

வில்லாபுரத்தான்:
எல்லோருக்கும் நன்றி. டிரைவர் அண்ணே, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப விருதுநகருக்குள்ள போவியா?" என்றது. அங்கே பெரியம்மா இருக்கிறார். சும்மா பார்த்துவிட்டுப் போவதற்குத்தான் கேட்கிறது என்று நினைத்தேன். போனைப் போட்டுப் பேசி, பெரியம்மாவும் கூட வருவதாக முடிவாகிவிட்டது. இப்போது காரில் இடம் இல்லை. ஏழு பேர் உட்காரும் வண்டி வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

பழைய டிரைவர்:
கிடைக்கும் தம்பி. பொண்ணைக் கடைசி சீட்டில் மட்டும் உட்கார வைத்துவிடாதீர்கள்.