புதுப்பிப்பு: மாஸ்டர்ஸ் பந்தயம், பரோட்டா என் செலவு

2025 ஏப்ரலில், அமெரிக்காவின் பெரிய கோல்ஃப் போட்டியான மாஸ்டர்ஸ் தொடங்குமுன், “யார் ஜெயிப்பார்?” என்ற எங்கள் பரோட்டா பந்தயத்துக்கு ஸ்காட்டி ஷெஃப்ளர் பெயரை எழுதியிருந்தேன். சரி, முடிவு: ஷெஃப்ளருக்கு நாலாவது இடம். செலவு என்னுடையது.

மச்சான் சொன்னது ரோரி மக்கில்ராய். முதல் நாள் வியாழக்கிழமை 15, 17 இரண்டு குழியிலும் டபுள் போகி (குழிக்கு வகுத்த கணக்கைவிட இரண்டு ஷாட் கூடுதல்) அடித்து 72 ஷாட்டில் முடித்தார். கோல்ஃபில் குறைவாக அடிப்பவரே முன்னால். 65 அடித்த ஜஸ்டின் ரோஸ் ஏழு ஷாட் முன்னால். “அவ்வளவுதான் உன் ஆள்” என்று சிரித்தேன். என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

திங்கள் விடிகாலை, சித்திரை 1. மஞ்சக்குப்பத்தில் அம்மா வாசல் தெளித்துக்கொண்டிருக்க, நாங்கள் திண்ணையில் ஒரே போனுக்குள் தலையை விட்டிருந்தோம். கடைசி நாள் ஆட்டம். கடைசிக் குழியில், பக்கத்திலிருந்து பந்தை உள்ளே தள்ளும் சின்ன ஷாட்டை ரோரி தவறவிட்டார். ரோஸும் அவரும் சமம், அதனால் பிளேஆஃப், அதாவது வெற்றியாளரை முடிவுசெய்யும் கூடுதல் ஆட்டம். அதே குழிக்குத் திரும்பி வந்து ரோரி பேர்டி (கணக்கைவிட ஒரு ஷாட் குறைவு) அடித்து ஜெயித்தார். அப்படியே புல்லில் மண்டியிட்டார். மச்சான் கத்திய கத்தலில் தெருநாய் எழுந்துவிட்டது.

ஷெஃப்ளர் 2024-இல் ஜெயித்தவர் என்பதை மட்டும் பார்த்தேன். மாஸ்டர்ஸை அடுத்தடுத்த ஆண்டு தக்கவைத்தவர்கள் 2025 வரை நிக்லஸ், ஃபால்டோ, வுட்ஸ் மூவர்தான். அதை முன்பே பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த பெரிய கோல்ஃப் போட்டி மே மாதம் பிஜிஏ. அதற்கும் ஷெஃப்ளர்தான், இப்போதே சொல்லிவிட்டேன்.