நியூயார்க்கில் நடைபாதைச் சாய்தளத்தை மறித்ததாக 165 டாலர் டிக்கெட், எதிர்க்கலாமா?

குயீன்ஸ்வாசி:
வணக்கம் நண்பர்களே. வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இரவு காரை நிறுத்திவிட்டுக் காலையில் போய்ப் பார்த்தால் வைப்பருக்கு அடியில் ஆரஞ்சு உறை. விதிமீறல் எண் (கோட்) 67, நடைபாதைச் சாய்தளத்துக்கு, அதாவது சக்கர நாற்காலிகள் ஏறி இறங்க நடைபாதை ஓரத்தைச் சரிவாக்கிய இடத்துக்கு முன்னால் நிறுத்தியதாக 165 டாலர் அபராதம். அந்த இடத்தில் ஒரு சின்னத் தெரு வந்து நாங்கள் நிறுத்தும் தெருவில் முட்டி முடிகிறது, அதற்கு நேர் எதிர்ப்பக்கம்தான் என் கார் நின்றது. சாய்தளம் இருப்பது உண்மை. ஆனால் அக்கம்பக்கத்தில் எல்லோரும் வருடக்கணக்காக அங்கேதான் நிறுத்துகிறார்கள். எதிர்த்தால் பலன் உண்டா, இல்லை பேசாமல் கட்டிவிடுவதா?

ப்ரூக்ளின்_மாறன்:
கட்டாதீங்க, முதலில் அந்த இடத்தை நன்றாகப் பாருங்கள். நகரப் போக்குவரத்து விதி 4-08, அதில் எஃப் பிரிவின் 7ஆவது உட்பிரிவை எடுத்துப் படியுங்கள். மக்கள் தெருவைக் கடக்கும் இடத்தில், அதாவது கோடு போட்டதோ போடாததோ ஒரு கிராஸ்வாக்கில் இருக்கும் சாய்தளத்தை மறித்தால்தான் குற்றம். கிராஸ்வாக்கில் இல்லாத சாய்தளம் என்றால், வேறு தடை எதுவும் இல்லாத வரை அங்கே நிறுத்தலாம் என்று அதே விதியில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. நீங்கள் சொல்வது ஆங்கில டி எழுத்து மாதிரியான சந்திப்பு. அங்கே வெள்ளைக் கோடு, சிக்னல், ஸ்டாப் பலகை எதுவும் இல்லையென்றால் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் நான்கு தெரு கூடும் சாதாரண மூலையாக இருந்தால் கோடு இல்லாவிட்டாலும் அது கிராஸ்வாக்தான், அங்கே இந்த வாதம் நிற்காது.

இது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. 2016இல் பென் வெலிங்டன் என்ற தரவு ஆய்வாளர் நகரம் பொதுவில் வெளியிட்ட டிக்கெட் விவரங்களை அலசி, சட்டப்படி நிறுத்திய கார்களுக்கே இந்த 67ஆம் எண்ணில் டிக்கெட் குவிவதைக் காட்டினார். ப்ரூக்ளின் ஓஷன் அவென்யூவில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் சுமார் இரண்டரை ஆண்டுகளில் 48,000 டாலருக்கு மேல் அபராதம் எழுதியிருந்தார்கள். கிராஸ்வாக்கில் இல்லாத சாய்தளத்தில் நிறுத்தலாம் என்று விதி 2009இலேயே மாறிவிட்டது, ஆனால் பயிற்சி பெரும்பாலும் டிக்கெட் எழுதும் போக்குவரத்து ஏஜென்டுகளுக்குத்தான் போனது, இந்த டிக்கெட்டுகளை அதிகம் எழுதியவர்கள் ரோந்துப் போலீஸார் என்று காவல் துறையே ஒப்புக்கொண்டு, எல்லோருக்கும் விளக்கம் அனுப்பியது. அப்படியும் இன்றைக்கு உங்களுக்கு ஒன்று வந்திருக்கிறது பாருங்கள், கோபம்தான் வருகிறது.

ஹட்சன்கரை:
30 நாளுக்குள் எதிர்த்துவிடுங்கள், தாண்டினால் 10 டாலர் கூடும், பிறகு இன்னும் ஏறும். ஆன்லைனிலேயே செய்யலாம், நேரில் போகத் தேவையில்லை. போட்டோதான் உயிர். சாய்தளத்தை மட்டும் கிட்டப் போய் எடுத்து அனுப்பினால் அது உங்களுக்கு எதிராகவே போய்விடும், தள்ளி நின்று சந்திப்பு முழுவதும் தெரியும்படி, இரண்டு பக்கமும் கோடோ பலகையோ இல்லை என்பது விளங்கும்படி எடுங்கள், தெருப் பெயர்ப் பலகையும் ஒரு படத்தில் வரட்டும். விதி எண்ணைக் குறிப்பிட்டு நாலு வரி எழுதினால் போதும். இருக்கும் ஆதாரம் எல்லாவற்றையும் முதல் விசாரணையிலேயே கொடுத்துவிடுங்கள், ஏனென்றால் அப்பீலில் புது ஆதாரத்தை ஏற்க மாட்டார்கள். அப்புறம் டிக்கெட்டிலேயே நம்பர் பிளேட் எண், பிளேட் வகை, கார் கம்பெனி, ரெஜிஸ்ட்ரேஷன் முடியும் தேதி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று தப்பாகவோ விடுபட்டோ இருந்தாலும் அதைச் சொல்லித் தள்ளுபடி கேட்கலாம்.

சக்கரநாற்காலி_தம்பி:
எழுத்துப்பிழையைப் பிடித்துத் தப்பிக்கும் யோசனையை மட்டும் நான் ஏற்க மாட்டேன். என் அண்ணன் சக்கர நாற்காலியில் போகிறவர். கிராஸ்வாக் சாய்தளத்தில் ஒரு கார் நின்றால் அவர் திரும்பிப் போய் யாரோ ஒருவர் வீட்டு டிரைவ்வே வழியாகச் சாலையில் இறங்கி, ஓடும் கார்களுக்கு நடுவே போக வேண்டும். அதிலும் பனிக்காலத்தில், ஓரமெல்லாம் பனியைக் குவித்து வைத்திருக்கும்போது அந்த வழியும் கிடையாது, வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். 1990இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்குப் பிறகும் இந்த நகரத்தில் மூலை மூலையாகச் சாய்தளம் போட வைக்கப் பலர் வழக்குப் போட வேண்டியிருந்தது. உங்கள் இடம் மாறன் சொன்ன மாதிரி இருந்தால் தாராளமாக வாதாடுங்கள், அது உங்கள் உரிமை. மக்கள் கடக்கும் இடமாக இருந்தால் தயவுசெய்து 165 டாலரைக் கட்டிவிடுங்கள்.

குயீன்ஸ்வாசி:
எல்லோருக்கும் நன்றி. போய்ப் பார்த்தேன், கோடு இல்லை, சிக்னல் இல்லை, நான் நிறுத்திய தெருவில் ஸ்டாப் பலகையும் இல்லை. முட்டும் சின்னத் தெருவின் முனையில் மட்டும் ஒரு ஸ்டாப் பலகை இருக்கிறது, அது கணக்கில் வருமா?

ப்ரூக்ளின்_மாறன்:
அது சின்னத் தெருவில் வரும் வண்டிகளுக்கு. நீங்கள் நின்ற தெருவின் போக்குவரத்தை அது நிறுத்துவதில்லை, அதனால் எதிர்க்கலாம் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தப் பலகையை மறைக்காமல் படத்தில் தெரியும்படியே எடுங்கள், அது எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். முடிவு வந்ததும் இங்கே போடுங்க.