38 வயதில் குத்துக்கரணம் பழகலாமா? எங்கே தொடங்குவது?

கொக்குவில்காரி:
எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 38 வயது, நாள் முழுக்கக் கதிரையில் இருந்து செய்கிற வேலை, பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து விளையாடியதோடு சரி. நிலத்தோடு ஊர்ந்து, உருண்டு, கையில் நின்று, அப்படியே சத்தமில்லாமல் எழும்பி வருகிற அசைவுகளை யூடியூபில் பார்த்ததில் இருந்து எப்படியாவது பழகவேண்டும் என்று ஆசையாகக் கிடக்கிறது. பல்டி எல்லாம் வேண்டாம். ஒரு நல்ல குத்துக்கரணம், ஒரு கார்ட்வீல் (கையை ஊன்றிப் பக்கவாட்டில் சக்கரம் மாதிரிச் சுழல்வது), சுவரோடு கொஞ்சநேரம் கையில் நிற்பது, இவ்வளவும் வந்தால் போதும். இங்கே பெரியவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிற இடம் என் கண்ணில் படவில்லை. வீட்டில் சீமெந்து விறாந்தை இருக்கிறது, பின்வளவு இறுகின செம்மண். கசூரினாக் கடற்கரைக்குப் போய் மணலில் செய்தால் அடிபடாது என்கிறாள் தங்கச்சி. குந்தி இருந்தால் எனக்குக் குதிக்கால் நிலத்தில் முட்டாது, அதையும் சொல்லிவிடுகிறேன். எதில் தொடங்கலாம்?

தீவுப்பக்கத்தான்:
அக்கா, தாராளமாகப் பழகலாம். நான் ஜூடோ பழகியவன், அதனால் என் பதில் ஒன்றுதான்: முதலில் விழப் பழகுங்கள். ஜூடோவில் ஆளைத் தூக்கி எறிவதற்கு முன்னம் உகெமி என்று விழும் முறையைத்தான் சொல்லித் தருவார்கள். நிலத்தில் இருந்து, நாடியை நெஞ்சோடு சேர்த்து, முதுகை வளைத்துப் பின்னுக்கும் முன்னுக்கும் ஆடுங்கள். முதுகு 'தொம்' என்று தட்டையாக அடிக்காமல் உருளத் தொடங்கின பிறகு தோளால் உருளுவதற்கு வாருங்கள். ஒரு முழங்காலை ஊன்றி, வலது கையை வளைத்து உள்ளே விட்டு, முகத்தை இடப்பக்கம் திருப்பினால் வலது தோளில் தொடங்கி முதுகுக்குக் குறுக்காக இடது இடுப்பில் வந்து முடியும். தலை நிலத்தில் படவே கூடாது. சின்னப்பிள்ளைகள் போடுகிற நேர்க் குத்துக்கரணத்தில் கழுத்துக்கு மேலால் போகவேண்டி வரும், பெரிய ஆட்களின் பாரத்துக்கு அது பிறகு பார்க்கவேண்டிய விஷயம். தலைக்கு மேலால் பின்பக்கம் உருளுவதை இப்போதைக்குத் தொடவே வேண்டாம்.

வேப்பமரத்தடி:
தங்கச்சி, நான் நாற்பது தாண்டித் தொடங்கினேன், இப்போதும் செய்கிறேன். உருளுவதற்கும் முன்னால் ஊர்வது இருக்கிறது. முழங்காலை நிலத்தில் இருந்து கொஞ்சம் தூக்கிக் கையாலும் காலாலும் விறாந்தையின் ஒரு தலைப்பில் இருந்து மற்றத் தலைப்புக்கு நடந்து பாருங்கள், பிறகு அதையே பின்னுக்கு, பிறகு வயிறு மேலே பார்க்க நண்டு மாதிரி. பார்க்கச் சின்ன வேலை, ஆனால் தோள், நாரி, மணிக்கட்டு மூன்றுக்கும் பலம் வருவது இதில்தான். குதிக்கால் முட்டாததற்குப் பயப்படாதீர்கள், குதிக்காலுக்குக் கீழே ஒரு பலகைத் துண்டை வைத்துக் குந்தி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் இருங்கள், பலகையை மெல்ல மெல்லத் தடிப்புக் குறைத்துக்கொண்டு வரலாம். சீமெந்தில் பன்பாய் ஒன்று போதாது, வழுக்காத தடித்த றப்பர் பாய் வாங்குங்கள். கட்டில் மெத்தையை இழுத்துப் போட்டு அதில் கையில் நிற்காதீர்கள், கை புதையப் புதைய மணிக்கட்டு இன்னும் மடங்கும். உடுப்புக்கு இடுப்பில் நாடா கட்டுகிற காற்சட்டையும் உள்ளே செருகின ரீசேட்டும் நல்லது. முன்மதில் உயரம் என்றால் விடியக்காலையில் முற்றத்திலேயே செய்யலாம், ஆர் பார்த்தாலும் பரவாயில்லை என்று நான் நினைக்கிறேன், ஆனால் அது உங்கள் விருப்பம்.

இயன்மருத்துவர்_யாழ்:
மேலே சொன்ன ஒழுங்கு சரி. தசையை எலும்போடு கட்டிவைக்கிற தசைநாண்களைப் பற்றி மட்டும் நான் சேர்க்கிறேன். தசைக்கு இரத்த ஓட்டம் அதிகம், அது சில கிழமைகளிலேயே பலம் பிடிக்கத் தொடங்கும். தசைநாணும், எலும்பை எலும்போடு கட்டுகிற மூட்டுப் பந்தகமும் அந்த வேகத்தில் மாறாது, மாதக்கணக்கில் எடுக்கும். அதனால் 'ஏலும்' என்று தசை சொல்கிற நேரத்தில் மணிக்கட்டு இன்னும் தயாராக இராது, வளர்ந்தவர்கள் நோவோடு நிறுத்துவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நாலு காலில் நின்று விரல்களை அகல விரித்து, பாரத்தை மெதுவாக முன்னுக்குக் கொண்டுபோய்த் திரும்பி வாருங்கள். புறங்கையை நிலத்தில் வைத்தும் செய்யலாம், ஆனால் மிகக் குறைந்த பாரத்தோடு. உருண்டு எழும்ப முதலில் தலை சுற்றும், ஒன்றிரண்டு தரம் உருண்டு ஒரு புள்ளியைப் பார்த்து ஆறினால் நாளடைவில் பழகிவிடும். படுக்கையில் புரளும்போதே வீடு சுற்றினால் அது வேறு, உட்காதில் பிரச்சினை இருக்கலாம், காட்டுங்கள். கட்டுக்குள் இல்லாத இரத்த அழுத்தம், குளுக்கோமா என்கிற கண்நோய், நீரிழிவால் விழித்திரைப் பாதிப்பு, இதில் எது இருந்தாலும் தலைகீழாக நிற்க முன்னம் வைத்தியரைக் கேட்கவேண்டும். நாரிநோ காலுக்குள் இறங்குகிறவர்களும் அப்படித்தான்.

தீவுப்பக்கத்தான்:
மணலை ஒருவரும் தொடவில்லையே. கசூரினா உருளுவதற்குத் திறம். ஊர்வதற்கும் நல்லது.

வேப்பமரத்தடி:
தம்பி, உருளுவதற்குச் சரி, கையில் நிற்பதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காய்ந்த மணலும் மெத்தையும் ஒன்றுதான், ஒரு கை மற்றதைவிடக் கூடுதலாகப் புதைந்தால் ஆள் சரியும். அலை வந்துபோன ஈர மணல் என்றால் இறுகி இருக்கும், அதில் கார்ட்வீல் பழகலாம், சிப்பியும் போத்தல் துண்டும் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையை வையுங்கள்.

கொக்குவில்காரி:
எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விளக்கமாகப் பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பிரஷர் சாதாரணம்தான், கண்ணைக் காட்டிவிட்டுத் தொடங்குகிறேன். வேப்பமரத்தடி அக்கா, கார்ட்வீலுக்குக் காலை மேலே எறியப் பயமாக இருக்கிறது, அதற்கு என்ன செய்யலாம்?

வேப்பமரத்தடி:
எறியவே வேண்டாம். நிலத்தில் ஒரு கோடு கீறி, இரண்டு கையையும் கோட்டுக்கு மேல் ஊன்றி, குந்தின மாதிரியே காலை ஒரு பக்கத்தில் இருந்து மற்றப் பக்கத்துக்குத் தத்தி வையுங்கள். பிரேசிலின் கப்போயிரா என்கிற சண்டைக்கலையில் காலை மடக்கித் தாழ்வாகவே கார்ட்வீல் போடுவார்கள், எதிராளியில் இருந்து கண்ணை எடுக்காமல். அந்தத் தாழ்ந்த வடிவம் எங்கள் வயதுக்கு வடிவாகப் பொருந்தும். கை நிலத்தில் உறுதியாக நிற்கிறது என்று மனம் நம்பத் தொடங்க, இடுப்பு தன்பாட்டில் உயரும். இரண்டு பக்கமும் பழகுங்கள். சாப்பிட்டு இரண்டு மூன்று மணித்தியாலமாவது போகட்டும், புட்டுச் சாப்பிட்ட கையோடு உருளக்கூடாது. சனிக்கிழமைகளில் விடிய நான் கசூரினாவுக்குப் போவேன், தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.