செப்டம்பரில் நண்பர்கள் வருகிறார்கள்: மியூனிக் அக்டோபர்ஃபெஸ்ட் பணத்துக்குத் தகுமா?

மழைக்காகம்: கல்லூரி நண்பர்கள் மூன்று பேர் கோவையிலிருந்து செப்டம்பர் கடைசியில் வருகிறார்கள். எங்கே போகலாம் என்றால் ஒரே குரலில் மியூனிக் பீர் திருவிழாவான அக்டோபர்ஃபெஸ்ட் என்கிறார்கள். நான் ஜெர்மனியில், நூரம்பெர்க்கில் நான்கு வருஷமாக இருந்தும் எட்டிப் பார்த்ததில்லை. ஒருத்தன் குடிக்க மாட்டான், இன்னொருத்தன் சைவம். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

எர்லாங்கன்வாசி: தகாது. இரண்டு வருஷம் முன்னால் நாங்கள் ஐந்து பேர் ஒரு சனிக்கிழமை பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். பெரிய கூடாரம் ஒன்றின் கதவை எங்கள் மூக்குக்கு நேரே சாத்தினார்கள். உள்ளே இடமில்லையாம். அப்புறம் மழை. மூன்று மணிவரை நனைந்துவிட்டு, ரயில் நிலையத்தில் நின்றபடியே டோனர் என்ற இறைச்சி ரொட்டியைத் தின்று ஊர் திரும்பினோம். எண்பது யூரோ கொடுத்து வாங்கிய தோல் அரைக்கால்சட்டை இன்னும் அலமாரியில் தொங்குகிறது.

எங்கள் ஊர் எர்லாங்கனின் பெர்க் பீர் திருவிழாவுக்குக் கூட்டி வாருங்கள். 1755லிருந்து நடக்கிறது, மியூனிக்கைவிட 55 வயது மூத்தது. பெரிய கூடாரம், கதவு என்ற பேச்சே இல்லை, மலைச்சரிவில் மரத்தடியில் பெஞ்ச். குளிர்பதனம் வராத காலத்தில் பீர் கெடாமலிருக்க மணற்கல் மலையைக் குடைந்து நிலவறைகள் போட்டார்கள். அந்த வாசலிலேயே உட்கார்ந்து கல்குவளையில் குடிக்கலாம்.

ஐசார்க்கரையான்: அண்ணே, எல்லாம் சரி. உங்கள் திருவிழா பெந்தெகொஸ்தே என்ற கிறிஸ்தவப் பண்டிகையை ஒட்டி, மே, ஜூனில் வருவது. அவர் நண்பர்கள் வருவது செப்டம்பரில். கல்யாணத்துக்கு வருகிறவனை வளைகாப்புக்கு வா என்கிறீர்கள்!

நீங்கள் செய்த தப்பு சனிக்கிழமை போனது. 2025 செப்டம்பர் 27, சனி பிற்பகலில் கூட்டம் தாங்காமல் மைதானத்தையே கொஞ்ச நேரம் மூடினார்கள். செவ்வாய், புதன் மதியம் போங்கள். நாலு பேருக்கு முன்பதிவே வேண்டாம், ஏதாவது ஒரு மேசையில் ஓரமாக இடம் கேட்டால் தள்ளி உட்கார்ந்து கொடுப்பார்கள். இரைச்சலும் இருக்காது. 2005லிருந்து மாலை ஆறு மணிவரை பித்தளை வாத்தியம்தான், அதுவும் 85 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது.

போன வருஷம் எங்கள் மேசைக்கு வந்த பணிப்பெண்ணுக்கு என் அம்மா வயது இருக்கும். பத்துக் குவளையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். காலிக் குவளையே ஒரு கிலோவுக்கு மேல். அதில் ஒரு லிட்டர் பீர் வேறு. பத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மேசையில் இறக்கியபோது நுரை ஒரு சொட்டு சிந்தவில்லை. அந்த ஒரு லிட்டருக்கு அவர்கள் வைத்த பெயர் ‘மாஸ்’. நம் ஊர்க்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள்.

கணக்குப்பிள்ளை: மாஸ் காட்டுவது விலையும்தான். 2025ல் ஒரு மாஸ் 14.50 முதல் 15.80 யூரோ. நாலு பேர் ஆளுக்கு இரண்டு என்றால் பீருக்கு மட்டும் 120 யூரோ பக்கம். நுழைவு இலவசம் என்று பெருமையாகச் சொல்வார்கள், உள்ளே போன பிறகுதான் தெரியும்.

பாரம்பரியம் என்றும் யாராவது ஆரம்பிப்பார்கள், அதற்கும் சொல்லிவிடுகிறேன். 1810ல் பட்டத்து இளவரசர் லுட்விக் தெரேசாவைக் கட்டியபோது அந்த மைதானத்தில் நடந்தது குதிரைப் பந்தயம். மைதானத்தின் தெரேசியன்வீசே என்ற பெயர் அந்த மணப்பெண்ணுடையது. இன்றைக்கு ஆறு மியூனிக் மதுவாலைகளுக்கு மட்டும்தான் அங்கே பீர் ஊற்ற அனுமதி. அதிலும் ஸ்பாட்டனும் லோவன்பிராவும் ஒரே பன்னாட்டு நிறுவனத்தின் கையில், பவுலானரும் ஹாக்கர் ஷோரும் ஒரே குழுமத்தில். ஹோஃப்பிராவ் பவேரிய அரசுடையது, அகுஸ்டினர் தனி. ஆறு பெயர், நாலு முதலாளி.

ஐசார்க்கரையான்: முதலாளி யாராக இருந்தால் என்ன? அகுஸ்டினர் கூடாரத்தில் இன்னும் மரப்பீப்பாயிலிருந்துதான் ஊற்றுகிறார்கள். குடித்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். அப்புறம், எர்லாங்கன் அண்ணன் பெருமைப்பட்ட அந்த நிலவறைகளின் பிழைப்பைக் கெடுத்தது எங்கள் ஊர்தான். லிண்டே என்ற பொறியாளரின் குளிர்பதன இயந்திரம் 1870களில் முதலில் ஓடியது மியூனிக் ஸ்பாட்டன் ஆலையில்.

எர்லாங்கன்வாசி: இதில் பெருமை வேறு. இயந்திரம் செய்தவன் மரத்தடி செய்வானா?

மோர்க்குழம்பு: குடிக்காதவள் பேசலாமா? மூன்று முறை போயிருக்கிறேன். ஆல்கஹால் இல்லாத பீரை அதே ஒரு லிட்டர் குவளையில் தருவார்கள், யாரும் ஒரு மாதிரிப் பார்க்க மாட்டார்கள். குவளை இடிக்கச் சொல்லும் ‘ஐன் ப்ரோசிட்’ பாட்டு தொடங்கியதும் முன்பின் தெரியாத பாட்டி என் குவளையில் தன் குவளையை இடித்தார், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. சைவருக்குச் சீஸ் போட்ட ஷ்பெட்ஸ்லே நூடுல்ஸ் கிடைக்கும், தட்டளவு ப்ரெட்ஸல் முறுக்கு ரொட்டி கிடைக்கும். ஆனால் பக்கத்து மேசையில் வறுத்த கோழி மணப்பதைத் தாங்கிக்கொள்ள வேண்டும்.

நான் போகச் சொல்வது அதே மைதானத்தில் ‘ஓய்டே வீஸன்’ என்ற பகுதிக்கு. 2010ல் இருநூறாம் ஆண்டுக்காக ஆரம்பித்தது, பழைய ராட்டினங்கள், நாட்டுப்புற ஆட்டம். தனியாகச் சின்னக் கட்டணம் உண்டு, அதனாலேயே கூட்டம் குறைவு. சில வருஷங்களில் அந்த இடத்தை விவசாயக் கண்காட்சி எடுத்துக்கொள்ளும், முன்னாலேயே பார்த்துவிடுங்கள். பெரிய முதுகுப்பை கொண்டுபோகாதீர்கள், மூன்று லிட்டருக்கு மேற்பட்ட பையை உள்ளே விட மாட்டார்கள்.

கணக்குப்பிள்ளை: ஆல்கஹால் இல்லாததும் சும்மா தருவதில்லை, அதையும் சொல்லுங்கள்.

மோர்க்குழம்பு: சும்மா தந்தால் நீங்கள்தான் முதல் ஆளாக வரிசையில் நிற்பீர்கள் :)

மழைக்காகம்: சண்டைக்கு நன்றி. செவ்வாய்க்கிழமைதான், காலை ரயில், மதியம் அகுஸ்டினர், சாயங்காலம் ஏழுக்குள் கிளம்பிவிடுவோம். ஆளுக்கு ஒரு மாஸ்தான், கணக்குப்பிள்ளை நிம்மதியாகத் தூங்கலாம். எர்லாங்கன் அடுத்த மே மாதத்துக்கு. ஒரே சிக்கல், மூன்று பேருக்கும் அந்தத் தோல் அரைக்கால்சட்டை வேண்டுமாம்.

எர்லாங்கன்வாசி: என்னுடையது அளவு 52. ஒருத்தனுக்கு ஆகும். துவைக்காமல் திருப்பிக் கொடுத்தால் போதும், துவைத்தால் தோல் சுருங்கிவிடும்.