புதுப்பிப்பு: ஹோம் தியேட்டர் திரைக்குப் பொய்ச்சுவர், அதன் சட்டகம் எழுந்துவிட்டது

18 அடி நீள அறையில் 2 அடியைப் பொய்ச்சுவருக்கு (திரையைத் தாங்கி, ஸ்பீக்கர்களைப் பின்னால் மறைக்கும் சுவர்) கொடுக்கலாமா, இல்லை பேச்சு வரும் சென்டர் ஸ்பீக்கரைத் திரைக்குக் கீழேயே வைத்துவிடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். "இடம் வீண்" என்று சிலர் சொன்னீர்கள். கொடுத்துவிட்டேன்!

இடது, நடு, வலது என ஒரே மாதிரியான மூன்று ஸ்பீக்கர்களும் இப்போது திரைக்குப் பின்னால் ஒரே உயரத்தில், உட்கார்ந்தால் காது இருக்கும் மட்டத்தில் நிற்கின்றன. பேச்சு நடிகரின் வாயிலிருந்தே வருகிறது. இதற்காகவே 2 அடி தகும்.

120 அங்குலத் திரை, அகலம் சுமார் 8 அடி 9 அங்குலம். பின்னாலிருந்து ஒலி ஊடுருவி வர வேண்டும்; அதற்குத் துளையிட்ட திரை வேண்டாமென்று நெய்த துணியே எடுத்தேன். துளைகளும் புரொஜெக்டரின் பிக்சல்களும் குறுக்கிட்டால் படத்தில் அலைக்கோடு தெரியும். கிட்ட உட்கார்ந்தால் துளையும் தெரியும். நெய்த துணியில் வெளிச்சம் கொஞ்சம் பின்னால் கசியும், அது பட்டுத் திரும்பாமலிருக்க உள்ளே எல்லாம் கறுப்பு. ஸ்பீக்கரின் வெள்ளி வளையத்தைக்கூட விடவில்லை. "யாருமே பார்க்காத இடத்துக்கு எதுக்கு சார் பெயின்ட்?" என்றார் ஆசாரி. நியாயமான கேள்விதான்.

பக்கவாட்டுத் துணிப் பலகைகள் காந்தத்தில் ஒட்டி நிற்கின்றன. ஒயர் பார்க்க வேண்டுமென்றால் கழற்றினால் போதும். சோதனைக்காக 20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த ஒலியை மெதுவாக ஓட்டியபோது இடது பலகை ஒன்று கிடுகிடுத்தது, விளிம்பில் ஃபெல்ட் ஒட்டியதும் அடங்கிவிட்டது.

அப்புறம், துணி உயர் சுருதி ஒலியைச் (ட்ரெபிள்) சற்றுக் குறைக்கும். மைக் வைத்துச் சரிசெய்வது இனிமேல்தான்.