ஸ்பீட் போஸ்ட் தாமதமானால் கட்டணத்தைத் திருப்பிக் கேட்க வேண்டுமா?

வைகைக்கரை:
ஸ்பீட் போஸ்ட் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், கட்டிய கட்டணத்தைத் திருப்பித் தருவோம் என்று அஞ்சல் துறையே எழுதி வைத்திருக்கிறது. பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும் "போகட்டும், அம்பது ரூபாய்தானே" என்று விட்டுவிடுகிறார்கள்.

விதி இதுதான். தாமதமானால் ஸ்பீட் போஸ்ட் கட்டணம் முழுதும் திரும்ப வரும். தபால் தொலைந்தாலோ, உள்ளே இருந்த பொருள் காணாமல் போனாலோ, சேதமானாலோ, கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு அல்லது 1000 ரூபாய், இதில் எது குறைவோ அது. எத்தனை நாளில் சேர வேண்டும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. உள்ளூர் என்றால் 1 முதல் 2 நாள், பெருநகரத்திலிருந்து பெருநகரத்துக்கு 1 முதல் 3, ஒரே மாநிலத்துக்குள் 1 முதல் 4, நாட்டின் மற்ற பகுதிகளுக்கு 4 முதல் 5.

தாமதமான ஒவ்வொரு தபாலுக்கும் நாம் பணத்தைக் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. 2025 அக்டோபரிலிருந்து வெளியூருக்கு 50 கிராம் கடிதம் 47 ரூபாய், ஜிஎஸ்டி தனி. சாதாரணத் தபாலுக்கு ஆகும் செலவைவிட இவ்வளவு அதிகமாக எதற்குக் கொடுக்கிறோம்? வேகத்துக்குத்தானே. அந்த வேகம் கிடைக்காதபோது பணத்தை வைத்துக்கொள்ள அவர்களுக்கு என்ன உரிமை?

இன்னொன்றும் சொல்கிறேன். நாம் கேட்க வேண்டிய நிலையே இருக்கக் கூடாது. ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் கழிந்துவிட்டால், 5 நாளுக்குள் திருப்பிப் போடாத வங்கி நாளொன்றுக்கு 100 ரூபாய் கொடுக்க வேண்டும், அதுவும் வாடிக்கையாளர் புகார் கொடுக்கும்வரை காத்திருக்காமல் தானாகவே கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019-ல் உத்தரவு போட்டது. ஸ்பீட் போஸ்டில் எந்தத் தேதியில் கொடுத்தோம், எந்தத் தேதியில் பட்டுவாடா ஆனது, எல்லாமே கணினியில் இருக்கிறது. கழித்துப் பார்க்க ஒரு ஆள்கூட வேண்டாம்.

தபால்வீட்டுப் பிள்ளை:
அப்பா ஆர்.எம்.எஸ்.ஸில், அதாவது ரயிலில் போகும் தபாலைப் பிரித்து அனுப்பும் பிரிவில் இருந்தவர், அதனால் அந்தப் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன். கேட்பது உரிமை, அதில் சந்தேகமே இல்லை. "ஒவ்வொரு தபாலுக்கும் எல்லோரும் கேளுங்கள்" என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

ஒரு புகார் வந்தால் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். தபாலை வாங்கிய அலுவலகம், பிரித்த அலுவலகம், பட்டுவாடா செய்த அலுவலகம் என்று எல்லா இடத்திலும் ஒருவர் உட்கார்ந்து பதில் எழுத வேண்டும். அந்த நேரம் எங்கிருந்து வரும்? தபால் பிரிக்கும் நேரத்திலிருந்துதான். ராத்திரி ஷிப்டில் நின்றுகொண்டே வேலை செய்பவர்கள் அவர்கள். பையைக் கவிழ்த்துக் கொட்டி, பார்கோடை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து, ஊர்வாரியாகப் பிரித்து, பையில் போட்டு சீல் வைத்து, ரயில் கிளம்புவதற்குள் பிளாட்பாரத்துக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ரயில் நான்கு மணி நேரம் தாமதமானால் அடுத்த ஊரில் அன்றைய பட்டுவாடாவே போச்சு. அப்புறம் திட்டு வாங்குவது வாசலுக்கு வரும் தபால்காரர்.

47 ரூபாயில் நாட்டின் எந்தக் கோடிக்கும் கடிதம் போகிறது. தனியார் கூரியர் போகாத மலைக் கிராமத்துக்கும் கிராம அஞ்சல் ஊழியர் சைக்கிளில் போகிறார். பொறுப்புக்கு வரம்பு இருப்பதால்தான் இந்த விலையில் முடிகிறது.

கொங்குச் செல்வி:
இரண்டு பேரும் 47 ரூபாயிலேயே நிற்கிறீர்கள். என் கஷ்டம் வேறு. நான் துணி மாதிரிகளும் ஒப்பந்தத் தாள்களும் அனுப்புகிறவள். தாள் இரண்டு நாள் தள்ளிப் போய்ச் சேர்ந்தால் ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும். போன வருஷம் ஒரு தனியார் கூரியரில் அப்படி ஒன்று நடந்தது. கேட்டதற்கு, ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டினார்கள்: எங்கள் பொறுப்பு 100 ரூபாய் வரை. போன ஆர்டரின் மதிப்பு என்ன, 100 ரூபாய் என்ன? கட்டணத்தைத் திருப்பிக் கொடுப்பதை இழப்பீடு என்று சொல்வதையே என்னால் ஏற்க முடியவில்லை. நஷ்டத்துக்கு ஈடு செய்வதுதானே இழப்பீடு?

கோர்ட் வாசல்:
செல்வி அக்கா கேட்டதற்குச் சட்டத்தின் பதில் கசப்பாகத்தான் இருக்கும். 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கைப் பாருங்கள், கிட்டத்தட்ட உங்கள் கதையேதான். ஜெர்மனிக்குச் சரக்கு அனுப்பிவிட்டு, அதற்கான ஆவணங்களை 1990-ல் கூரியரில் அனுப்பினார்கள். கவர் போய்ச் சேரவில்லை. மறுபடி நகல் அனுப்பி, சரக்கை எடுப்பதற்குள் சீசன் முடிந்துவிட்டது, வாங்கியவர் விலையைக் குறைத்துவிட்டார். மாநில நுகர்வோர் ஆணையம் வித்தியாசத் தொகையான நாலே கால் லட்சத்துக்கு மேல் கொடுக்கச் சொன்னது. தேசிய ஆணையம் அதை 100 டாலராகக் குறைத்தது. உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. நீங்கள் கையெழுத்துப் போட்ட சீட்டில் வரம்பு இருக்கிறது, அது உங்களைக் கட்டுப்படுத்தும் என்பதுதான் காரணம்.

அஞ்சல் துறைக்குச் சீட்டுகூடத் தேவையில்லை, சட்டமே கவசம். 1898-ம் வருஷத்து அஞ்சல் அலுவலகச் சட்டத்தின் 6-வது பிரிவு, தொலைவது, தவறான இடத்தில் கொடுப்பது, தாமதம், சேதம் இந்த நான்குக்கும் அரசு பொறுப்பல்ல, தானாக ஏற்றுக்கொண்ட அளவுக்கு மட்டுமே பொறுப்பு என்றது. அந்தச் சட்டம் போய், 2023-ம் வருஷத்துப் புதுச் சட்டம் 2024 ஜூன் 18-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் 10-வது பிரிவிலும் அதே கவசம்தான். விதியில் சொன்ன பொறுப்பு மட்டும் உண்டு, அதற்கு மேல் இல்லை. ஊழியரைத் தனிப்பட்ட முறையில் பிடிக்க வேண்டுமென்றால் அவர் மோசடியாகவோ வேண்டுமென்றோ செய்திருக்க வேண்டும்.

ஆக, வைகைக்கரை சொன்ன கட்டணத் தொகை கேட்டால் கிடைக்கக்கூடியது. செல்வி அக்கா கேட்கும் வியாபார நஷ்டம், வெறும் தாமதத்தை மட்டும் காட்டினால் கிடைப்பது ரொம்பக் கஷ்டம்.

வைகைக்கரை:
சட்டம் அப்படி இருக்கிறது என்பதும், அது நியாயம் என்பதும் ஒன்றில்லையே. ரயில்வேயும் தாமதத்துக்குப் பொறுப்பில்லை என்று கட்டண விதிகளைத்தான் காட்டியது. அஜ்மீர்–ஜம்மு ரயில் 4 மணி நேரம் தாமதமாகி, ஒரு குடும்பம் ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்டது. ரயில்வே அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம்வரை போய்த் தோற்றது. 2021-ல் வந்த தீர்ப்பு தெளிவாகச் சொல்கிறது: தாமதம் தன் கட்டுப்பாட்டை மீறியது என்று ரயில்வேதான் நிரூபிக்க வேண்டும், முடியாவிட்டால் இழப்பீடு கொடுக்க வேண்டும். டாக்ஸிச் செலவு, முன்பதிவுச் செலவு, மன உளைச்சல் எல்லாம் சேர்த்து 30,000 ரூபாய் கொடுத்தார்கள். ரயிலுக்கு ஒரு நியாயம், தபாலுக்கு ஒரு நியாயமா?

கோர்ட் வாசல்:
அங்கே காட்டியது கட்டண விதி. இங்கே இருப்பது நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டப் பிரிவு. கனம் வேறு. அந்தத் தீர்ப்பை அப்படியே தூக்கி இங்கே வைக்க முடியாது.

ஆனால் ஒரு வாசல் திறந்திருக்கிறது, அதைப் பலரும் பயன்படுத்துவதில்லை. தாமதத்தை விட்டுவிட்டு, பொய்ப் பதிவைப் பிடியுங்கள். வீட்டில் நாள் முழுக்க ஆள் இருந்திருக்கிறார்கள், டிராக்கிங்கில் "கதவு பூட்டியிருந்தது" என்று வருகிறது. அது வெறும் தாமதமாக இருக்க முடியாது, தெரிந்தே எழுதியது. தெருவில் யார் வீட்டு சிசிடிவியிலாவது அந்த நேரம் யாரும் வரவில்லை என்று இருந்தால், 'வேண்டுமென்றே' என்பதைக் காட்ட வழி கிடைக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை உள்ள வழக்குக்குக் கட்டணமே கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வக்கீல் இல்லாமலும் போகலாம்.

தபால்வீட்டுப் பிள்ளை:
பொய்ப் பதிவை நான் ஒருநாளும் ஆதரிக்க மாட்டேன், எங்கள் வீட்டிலும் அதைக் கேவலமாகத்தான் பேசுவார்கள். ஆனால் தோழர் வைகைக்கரை, உங்கள் தானியங்கி யோசனை இதைத்தான் அதிகமாக்கும். ஐந்தாம் நாள் தாண்டினால் கணினியே பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும், அந்தக் கணக்கு அலுவலகத்தின் தலையில் விழும் என்று வையுங்கள். ஐந்தாம் நாள் சாயங்காலம், பையில் இன்னும் நாற்பது தபால் இருக்கும்போது மேலிருந்து என்ன அழுத்தம் வரும்? "போனோம், ஆள் இல்லை" என்று போட்டுவிடு என்பதுதான். நேரத்தில் முயற்சி செய்தோம் என்று பதிவானால் அது தாமதக் கணக்கில் வராது. பணம் தப்பித்துவிடும், கடிதம் வந்து சேராது. இன்று ஒரு நாள் தாமதமாக வருகிற தபால், நாளை திரும்பிப் போகும்.

வைகைக்கரை:
இது வலுவான கேள்வி. ஆனால் மருந்து பணத்தைத் தராமல் இருப்பதில் இல்லை, பதிவைச் சரிபார்ப்பதில் இருக்கிறது. ஓடிபி சொன்னால்தான் பட்டுவாடா என்ற வசதி 2025 அக்டோபரில் வந்துவிட்டது, 5 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் கூடுதல். "கொடுத்துவிட்டேன்" என்று பொய் போட அதில் வழியில்லை. அதே மாதிரி "ஆள் இல்லை" என்று பதிவானதும் பெறுபவரின் போனுக்கு ஒரு செய்தி போகட்டும். "இல்லை, வீட்டில்தான் இருந்தேன்" என்று அவர் பதில் அனுப்பினால் அந்த முயற்சி செல்லாது. இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம்.

அழுத்தம் தபால்காரர் மேல் விழக் கூடாது என்கிறீர்கள். சரி. திருப்பிக் கொடுத்த பணத்தை வட்டார அளவில் கணக்கு வைத்து, எந்த இடத்தில் பை தங்கியது என்று பார்க்கட்டும். ஆள் பற்றாத அலுவலகம் எது என்பது அப்போதாவது வெளியே தெரியும். உங்கள் அப்பா மாதிரி ராத்திரி முழுக்க நின்றவர்களுக்கு அது நல்லதுதானே?

அரியலூர் மாணவன்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். அண்ணன்களே, வேலை விண்ணப்பம் கடைசி தேதிக்குப் பிறகு போய்ச் சேர்ந்தால் 47 ரூபாயை வாங்கி நான் என்ன செய்வது? அறிவிப்பிலேயே "அஞ்சல் தாமதத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல" என்று போட்டுவிடுகிறார்கள். துறையும் பொறுப்பில்லை, வேலை தருபவரும் பொறுப்பில்லை. அப்போ பொறுப்பு யாருக்கு? வயது வரம்பு தாண்டப் போகிறவனுக்கு அது ஒரு வருஷம் இல்லை, வாழ்க்கை.

கொங்குச் செல்வி:
தம்பி கேட்டதுதான் என் கேள்வியும். இதற்கு இவர்கள் யாரிடமும் பதில் இல்லை என்று நினைக்கிறேன். கூடக் கட்டணம் கட்டி, "இந்தத் தேதிக்குள் சேராவிட்டால் இவ்வளவு" என்று முன்கூட்டியே ஒரு தொகையை ஒப்புக்கொள்ளும் சேவை வேண்டும். லக்னோ–டெல்லி தேஜஸ் ரயிலில் ஐஆர்சிடிசி அப்படித்தான் 2019-ல் ஆரம்பித்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் 100 ரூபாய், இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் 250. 2024-ல் அதை நிறுத்திவிட்டார்கள், தொகையும் சின்னதுதான், ஆனால் டிக்கெட் வாங்கும்போதே கணக்குத் தெரிந்தது. எவ்வளவு வரும் என்று தெரிந்தால், மிச்சத்துக்கு நான் வேறு ஏற்பாடு செய்துகொள்வேன்.

தம்பிக்கு இப்போதைக்கு ஒன்று. ரசீதை அன்றைக்கே போட்டோ எடுத்து வை, ஒரு நகலும் எடு. சில கவுன்டரில் தரும் பளபளப்பான தாள் சூடு பட்டு அச்சாகிறது, பர்ஸில் கிடந்தாலே எழுத்து மங்கிவிடும். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் போட்டாயோ, முழுத் தாளும் கறுத்துவிடும். டிராக்கிங் பக்கத்தையும் தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடு.

கோர்ட் வாசல்:
அக்கா சொன்னதோடு சேர்த்து: ரசீதில் உள்ள டிராக்கிங் எண்ணைக் குறிப்பிட்டு இணையத்தில் புகார் பதிவு செய்யுங்கள், 1800 266 6868-லும் சொல்லலாம். 'தாமதம்' என்று மட்டும் எழுதாமல், 'விதிப்படி கட்டணத்தைத் திருப்பித் தரவும்' என்று நேராகவே கேளுங்கள். கேட்டிருந்தால்தான் மறுத்தார்கள் என்று பிறகு சொல்ல முடியும். சரியான பதில் வராவிட்டால் அஞ்சல் துறை நடத்தும் குறைதீர்ப்புக் கூட்டமான டாக் அதாலத்தில் மனு கொடுக்கலாம். அதற்கும் அசையவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். கணக்குப் போடும்போது தபால் கொடுத்த நேரத்தையும் இடையில் வந்த விடுமுறைகளையும் பாருங்கள், மாலைக்கு மேல் கொடுத்தது மறுநாள்தான் கிளம்பும்.

மாணவருக்கு நேர்மையாகச் சொல்வதென்றால், விண்ணப்பம் தவறியதற்கு 10-வது பிரிவைத் தாண்டி இழப்பீடு வாங்குவது சுலபமில்லை. அஞ்சலில் அனுப்பினால்தான் ஏற்போம் என்று கட்டாயப்படுத்தும் அமைப்புகள், போதுமான நாளுக்கு முன்பே தபாலில் சேர்த்த தேதியை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் சண்டை அங்கே போட வேண்டியது.

தபால்வீட்டுப் பிள்ளை:
கோர்ட் வாசல் கடைசியாகச் சொன்னதை முழுக்க ஏற்கிறேன். வைகைக்கரையோடு எனக்கு இன்னும் ஒரு வழக்கு பாக்கி. வட்டார அளவில் கணக்கு என்றீர்கள், நல்லது. துறைக்கு மனு எழுதப் போவதாக இருந்தால் அந்த வரியைக் கட்டாயம் சேருங்கள்: திருப்பிக் கொடுக்கும் தொகையில் ஒரு ரூபாய்கூட ஊழியர் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது, பொய்ப் பதிவு நிரூபணமானால் தவிர. அது இருந்தால் எங்கள் வீட்டிலிருந்தும் கையெழுத்து வரும். இல்லாவிட்டால் வராது.

வைகைக்கரை:
சேர்க்கிறேன். ஆனால் தானாகவே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற கோரிக்கையை விடமாட்டேன், அது முதல் வரியிலேயே இருக்கும்.