டெபியன் டிவிடி ஐஎஸ்ஓவ ஒவ்வொரு தடவையும் முழுசா இறக்கணுமா?

பழையலேப்டாப்:
வணக்கம் நண்பர்களே. எங்க ஊரு நூலகத்துல பத்து பழைய கம்ப்யூட்டர் இருக்கு, எல்லாத்துலயும் டெபியன் 12 (ஒரு வகை லினக்ஸ்) போட்டுக் குடுத்திருக்கேன், அங்க நெட்டே கிடையாது அதனால நெட்லேர்ந்து மிச்சத்த இறக்கி இன்ஸ்டால் பண்ற நெட்இன்ஸ்ட் வேலைக்காகாது, முதல் டிவிடி ஐஎஸ்ஓவ, அதாவது டிவிடி முழுசும் ஒரே ஃபைலா இருக்கறத, வீட்ல இறக்கி பென்டிரைவ்ல எழுதித்தான் எடுத்துட்டு போறேன். எனக்கு இருக்கறது மொபைல் டேட்டா, ஒரு நாளைக்கு 2 ஜிபி. ஐஎஸ்ஓ 4 ஜிபிக்கு கிட்ட வருது. சில மாசத்துக்கு ஒருக்கா 12.5, 12.6ன்னு புதுசு வந்துடுது. போன தடவ பிரவுசர்ல போட்டேன், ரெண்டாவது நாள் 71 சதவீதத்துல கரண்ட் போயிடுச்சு, வந்ததும் பாத்தா முதல்லேர்ந்து ஓடுது. மனசே விட்டுப்போச்சு. பழைய ஐஎஸ்ஓ அப்படியே கையில இருக்கு, மாறுனத மட்டும் இறக்க வழி இருக்கா?

டெர்மினல்தம்பி:
இருக்கு அண்ணா, ஜிக்டோன்னு (jigdo) ஒரு டூல். உங்க நிலைமைக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். பழைய டிவிடிய திறந்து பூல்ங்கிற ஃபோல்டருக்குள்ள போய் பாருங்க, உள்ள முக்கால்வாசி டெப் பேக்கேஜ்தான், அதாவது ஒவ்வொரு மென்பொருளையும் கட்டி வச்ச ஃபைல். 12.5லேர்ந்து 12.6 வர்றப்போ செக்யூரிட்டி ஓட்டையும் பெரிய பிழையும் சரி பண்ண பேக்கேஜ் மட்டும்தான் மாறும், மத்ததெல்லாம் பைட்டுக்கு பைட் அதேதான். ஜிக்டோ ஃபைல்ல எந்தெந்த பேக்கேஜ் வேணும்னு பட்டியல் இருக்கும், கூட ஒரு டெம்ப்ளேட் ஃபைல், அதுல பேக்கேஜ் தவிர்த்த மிச்சம். ஜிக்டோ-ஃபைல்னு பேக்கேஜ் இன்ஸ்டால் பண்ணிட்டு, பழைய ஐஎஸ்ஓவ ஒரு காலி ஃபோல்டர்ல லூப் ஆப்ஷனோட மவுண்ட் பண்ணி (அப்பதான் உள்ள இருக்கற ஃபைலெல்லாம் அந்த ஃபோல்டர்ல தெரியும்), அதே பேக்கேஜோட வர்ற ஜிக்டோ-லைட்ட புது ஜிக்டோ ஃபைலோட முகவரி குடுத்து ஓட்டுங்க. ஸ்கேன் பண்ண ஃபைல் எங்கன்னு கேக்கும், அந்த ஃபோல்டர சொல்லுங்க. இருக்கறத அங்கேர்ந்து எடுத்துக்கும், இல்லாதத மட்டும் மிர்ரர்லேர்ந்து (டெபியன் ஃபைலோட நகல் வச்சிருக்கற சர்வர்) இறக்கி ஐஎஸ்ஓவ கோத்துடும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் இறக்கும், அதனால நடுவுல கரண்ட் போனாலும் அதே கமாண்ட திரும்ப ஓட்டுனா விட்ட எடத்துலேர்ந்து தொடரும்.

பெங்குவின்குட்டி:
யாராச்சும் உபுண்டுக்காக (இன்னொரு லினக்ஸ்) இத படிச்சா, அங்க ஜிசிங்க் (zsync) டூல பாருங்க. ஐஎஸ்ஓ பக்கத்துலயே ஜிசிங்க் ஃபைல் ஒண்ணு கிடக்கும், சின்ன ஐ (-i) ஆப்ஷன்ல பழைய ஐஎஸ்ஓவ காட்டுனா ஒத்துப்போற துண்டெல்லாம் அதுலேர்ந்து எடுத்துட்டு மிச்சத்த மட்டும் இறக்கும். ரெண்டு விஷயம் கவனிங்க. பழைய ஜிசிங்குக்கு எச்டிடிபிஎஸ் தெரியாது, எஸ் இல்லாத எச்டிடிபி முகவரி குடுக்கணும். அப்புறம் லைவ் டெஸ்க்டாப் ஐஎஸ்ஓல சிஸ்டம் முழுக்க ஸ்குவாஷ்எஃப்எஸ்ங்கிற ஒரே ஃபைல் மாதிரி அமுக்கி வச்சிருப்பாங்க, உள்ள ஒரு சின்ன ஃபைல் மாறுனாலும் அத சுத்தி இருக்கற துண்டே மாறிடும், அதனால டெபியன் டிவிடி அளவுக்கு மிச்சம் ஆகாது. தினசரி பில்ட் (தினமும் புதுசா செய்யற சோதனை ஐஎஸ்ஓ) இறக்கி டெஸ்ட் பண்றவங்களுக்கு ரொம்ப உதவும்.

மூணாவதுபூட்:
பழைய டிவிடிய தூக்கிப் போட வேணாம்னு ஒவ்வொரு பாயிண்ட் ரிலீஸ் (12.5, 12.6 மாதிரி) அறிவிப்புலயும் டெபியன்காரங்களே சொல்றாங்க. நெட் இருக்கறவங்க பழசுல இன்ஸ்டால் பண்ணிட்டு அப்டேட் குடுத்தா போதும். நெட் இல்லாத உங்களுக்குத்தான் புது டிவிடி நெசமாவே தேவை, ஏன்னா நூலகத்துல புள்ளைங்க பென்டிரைவ் சொருகிட்டே இருப்பாங்க, செக்யூரிட்டி ஃபிக்ஸ் வேற எந்த வழியா உள்ள போகும். கூடவே ரெண்டாவது டிவிடி வேணும்னாலும் ஜிக்டோதான், நேரடி ஐஎஸ்ஓவா முதல் டிவிடி மட்டும்தான் வச்சிருக்காங்க.

பழையலேப்டாப்:
தம்பி, ஆச்சு! முதல் தடவ மவுண்ட் பண்ண ஃபோல்டர சொல்றதுக்கு பதிலா ஐஎஸ்ஓ ஃபைல் பேரையே குடுத்துட்டேன், எதுவுமே ஒத்துப்போகலன்னு எல்லாத்தையும் இறக்க ஆரம்பிச்சிருச்சு, பதறிப்போய் நிறுத்திட்டேன். ஃபோல்டர சரியா சொன்னதும் பழசுலேர்ந்தே மடமடன்னு எடுத்துக்கிச்சு. மொத்தமா ஒரு ஜிபி கூட தாண்டல, ஒரே ராத்திரில முடிஞ்சுது. பழைய ஐஎஸ்ஓவ இப்ப அழிச்சிடலாமா?

டெர்மினல்தம்பி:
இருங்க அண்ணா, அவசரப்படாதீங்க. கடைசில செக்சம் (ஃபைல் பிழையில்லாம இருக்கான்னு சரிபாக்கற எண்) ஒத்துப்போச்சு, இமேஜ் நல்லா இருக்குன்னு வந்துச்சான்னு பாருங்க, வந்திருந்தாலும் பென்டிரைவ்ல எழுதி ஒரு மிஷின பூட் பண்ணிப் பாத்துட்டு அழிங்க. புதுச பத்திரமா வைங்க, அடுத்த தடவ மவுண்ட் பண்ண அதான் வேணும்.